முன் சோதனை நடக்கிறது

அந்த அலுவலகத்தில் முதல் நாளிலிருந்தே எனக்கு யாரையும் பிடிக்கவில்லை. அவர்களுக்கும் என்னைப் பிடித்திருக்க நியாயமில்லை. பத்தொன்பது வருடம் ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக இருந்துவிட்டு, சென்னைப் பதிப்பை மூடியதும் ஐம்பத்தோரு வயதில் மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு ஆவணம் எழுத வந்தவன் நான். தி. நகரில், உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், ஜவுளிக்கடைக்கு மேல் மூன்றாவது மாடி. காலை பத்தரை வரை லிஃப்டில் புடவைப் பெட்டிகள்தான் போகும். மனிதர்கள் படியேற வேண்டும்.

நகைக்கடை, ஜவுளிக்கடைகளுக்கான ஆர்டர் செயலிகளை அந்த நிறுவனம் எழுதிக் கொடுத்தது. செயலியில் மாற்றம் செய்தால், புதிய வடிவத்தைக் கொண்டுபோய் அது ஓடும் கணினிகளில் பொருத்த வேண்டும். அலுவலகப் பேச்சில் இதற்கு ‘லைவ் போறது’ என்று பெயர். அந்தக் கணினிகள் எங்களுடையவை அல்ல. இரண்டு பெரிய நிறுவனங்களிடம் வாடகைக்கு எடுத்தவை. கிளவுட் என்கிற பெயரில் இருக்கும் பிரமிப்பைக் கழித்தால் மிஞ்சுவது இந்த வாடகைதான். ஒன்று படுத்தால் இன்னொன்று ஓட வேண்டும் என்பதற்காக இரண்டு.

பொருத்துகிற வேலையை எட்டு வருடமாக ஒரு பெண்மணி செய்துவந்தார். சாந்தோம்காரர், நாற்பத்தேழு வயது. ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழுவில் பாடுவார். அலுவலகத்தில் அநேகமாகப் பேச மாட்டார். தானே எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்றை வைத்திருந்தார். அதை ஓட்டினால் வரிசையாக எல்லாப் படிகளும் நடந்து, செயலி இரண்டு கிளவுடிலும் ஏறிவிடும். அவருக்கு வருட ஒப்பந்தம். அந்த மாதக் கடைசியில் முடிவதாக இருந்தது.

முதலாளியின் மாப்பிள்ளை முந்தைய வருடம்தான் வெளிநாட்டிலிருந்து திரும்பியிருந்தார். வந்ததும் ஓப்பன் சோர்ஸ் கருவி ஒன்றைப் பிடித்துக்கொண்டார். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது; யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து படிக்கலாம், திருத்தலாம். என்ன வேண்டும் என்று ஒரே ஒரு கோப்பில் எழுதிவைத்தால் போதும், எந்த கிளவுடாக இருந்தாலும் அதுவே கொண்டுபோய்ப் பொருத்திவிடும். அதன் வழிகாட்டியின் முதல் பக்கத்தில் பதினோரு ஆச்சரியக்குறிகள் இருந்தன. எண்ணுவது என் பழைய வியாதி. ‘ஐந்தே நிமிடத்தில் தொடங்குங்கள்!’ என்று போட்டிருந்தது. எங்களுக்கு நான்கு நாள் பிடித்தது.

மாப்பிள்ளை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“பத்திரிகை சார், ஒரு மதிப்பீட்டு ரிப்போர்ட் வேணும். பழைய முறை ஒரு பக்கம், இந்த டூல் ஒரு பக்கம். எவ்ளோ நேரம் ஆகுது, எங்க மாட்டுது, எல்லாம். நீங்கதான் கரெக்ட். உங்களுக்கு ரெண்டுமே தெரியாது.”

“சரி.”

“நியூட்ரலா எழுதுங்க. ஆனா டூலுக்குத்தான் போறோம்.”

நான் சிரிக்கவில்லை. அவர் சிரித்தார்.

“டூல் நல்லா வந்தா அவங்க கான்ட்ராக்டை ரினியூ பண்ண வேண்டாம்னு மாமாகிட்ட சொல்லிட்டேன். அது உங்களுக்கு மட்டும்.”

ஆகவே, என்ன எழுதப்போகிறேன், அது யாரை வெளியே அனுப்பும் என்பது தெரிந்துதான் நோட்டைத் திறந்தேன். அந்தப் பெண்மணி அதற்கு முந்தைய வருடம் இரண்டு நேர்காணலுக்குப் போய்வந்தார் என்பதும் தெரியும். இரண்டு இடத்திலும் அவர் வயதைப் பார்த்ததும் முதல் கேள்வி, “மேடம், நீங்க மேனேஜர் வேலைக்குத்தானே வந்திருக்கீங்க?” அதன் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

சோதனை ஐந்து நாள். நகைக்கடைச் செயலியின் நகல் ஒன்றை, ஒரே நேரத்தில், ஒரு கணினியில் அவருடைய ஸ்கிரிப்டாலும் இன்னொன்றில் கருவியாலும் பொருத்துவது. இரண்டையும் ஓட்டியவர் மாப்பிள்ளை. அந்தப் பெண்மணியை அறைக்குள் விடவில்லை. “அவங்க கை பட்டா சோதனை கெட்டுடும்” என்றார். நான் பக்கத்தில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு படியும் தொடங்கிய மணி, முடிந்த மணி என்று குறித்தேன்.

திங்களும் செவ்வாயும் காலை பதினொரு மணிக்கு ஓட்டினோம். ஸ்கிரிப்டுக்கு இருபத்திரண்டு நிமிடம், கருவிக்குப் பதினெட்டு. வித்தியாசம் இவ்வளவுதானா என்று மாப்பிள்ளைக்கு முகம் விழுந்துவிட்டது. புதன் அன்று அவருக்கு வேறு கூட்டம் இருந்ததால் பன்னிரண்டே காலுக்குத் தொடங்கினோம். கருவி பதினெட்டு நிமிடத்தில் முடித்தது. ஸ்கிரிப்டின் திரையில் ‘முன் சோதனை நடக்கிறது’ என்று ஒரு வரி வந்தது. மற்ற நாட்களில் ஒரு நொடியில் போய்விடுகிற வரி. அன்று போகவில்லை. நாங்கள் சாப்பிட்டுவிட்டு வந்தோம், அப்போதும் இருந்தது. எல்லாம் முடிய தொண்ணூற்றேழு நிமிடம். வியாழன் மதியம் இரண்டு மணிக்கு ஓட்டியபோதும் அதே கதை, எண்பத்திரண்டு நிமிடம். வெள்ளி பதினொரு மணிக்கு ஓட்டியதும் எண்பத்திரண்டு.

“பாத்தீங்களா?” என்றார் மாப்பிள்ளை. “இதைத்தான் எட்டு வருஷமா ஓட்டிக்கிட்டு இருக்காங்க. மூட் இருந்தா போகும், இல்லேன்னா நிக்கும்.”

நான் கூட்டி வகுத்தேன். பழைய முறை சராசரி அறுபத்தொரு நிமிடம். கருவி பதினெட்டு. அறிக்கையில் இப்படி எழுதினேன்: ‘பழைய முறையில் முன் சோதனை என்ற படி சீராக இல்லை, காரணமின்றி நீள்கிறது. மனிதத் தலையீட்டைச் சார்ந்த இம்முறையைவிடக் கருவி நம்பகமானது.’ வாக்கியம் நன்றாக வந்திருப்பதாகக்கூட நினைத்தேன்.

பத்திரிகையில் முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கிற விதி ஒன்று உண்டு. ஒருவரைப் பற்றிக் குறை எழுதினால், அச்சுக்குப் போகுமுன் அவரைக் கேட்க வேண்டும். எவ்வளவு சின்னச் செய்தியாக இருந்தாலும் தொலைபேசியில் ஒரு வார்த்தை. பத்தொன்பது வருடத்தில் அந்த விதியை நான் மீறியதாக நினைவில்லை. அவர் உட்கார்ந்திருந்த இடம் என் மேசையிலிருந்து எட்டு அடி. நான் கேட்கவில்லை. ஆவணம் எழுத இது போதும் என்று எனக்குள் ஒரு இளக்காரம் இருந்தது.

திங்கட்கிழமை அறிக்கை போயிற்று. புதன்கிழமை அவரைக் கூப்பிட்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று சொன்னார்கள். காரணம் காட்ட என் அறிக்கையைக் கையில் கொடுத்தார்கள். வெளியே வந்தார். என் மேசைப் பக்கம் திரும்பாமல் தன் இடத்தில் உட்கார்ந்து நான்கு பக்கத்தையும் படித்தார். இரண்டாம் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு எழுந்து காபி இயந்திரத்துக்குப் போகும் வழியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“வழி விடுங்கப்பா. மனிதத் தலையீடு காபி குடிக்கப் போகுது.”

இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை என் மனைவியின் வளையலைப் பழுது பார்க்கக் கொடுத்த நகைக்கடைக்கு அலுவலக நேரத்தில் போயிருந்தேன். பாண்டி பஜார். மணி பதினொன்றே முக்கால். கடை திறந்திருந்தது. ஆனால் வாசலில் பத்துப் பதினைந்து பேர் உள்ளே போகாமல் நின்றார்கள். நான் படியில் கால் வைத்தேன்.

“இன்னா சார், அவ்ளோ அவசரம்?” என்றார் வாசலில் இருந்த காவலாளி. “இன்னும் பன்னெண்டு ஆவல. ராகு காலம் கீது. பாரு, இவங்கல்லாம் நிக்கல?”

“நான் வாங்க வரல. ரிப்பேருக்குக் குடுத்தது.”

“ரிப்பேருக்கு நேரம் காலம் இல்ல. நீ போ நைனா.”

நான் போகவில்லை. ஏனென்று தெரியாமல் அவர்களோடு நின்றேன். பன்னிரண்டு அடித்ததும் அந்தக் கூட்டம், விளக்கு மாறிய சிக்னலில் வண்டிகள் கிளம்புவதுபோல் ஒரே சமயத்தில் உள்ளே போயிற்று. பன்னிரண்டு. இந்த மணியை எங்கேயோ எழுதியிருக்கிறோமே என்று தோன்றியது. பையிலிருந்து நோட்டை எடுத்தேன். வெள்ளி: முன் சோதனை முடிந்தது 12.00. வியாழன்: 3.00. புதன்: 1.30.

நாளிதழில் இரண்டாம் பக்கத்தின் இடது மூலையில் ‘இன்று’ என்று ஒரு பெட்டி வரும். நட்சத்திரம், திதி, ராகு காலம். பல வருடம் அந்தப் பக்கம் என் பொறுப்பு. ஒரு தடவை புதனுக்குப் போட வேண்டிய ராகு காலத்தை வியாழனுக்கும் வியாழனுடையதைப் புதனுக்கும் மாற்றிப் போட்டுவிட்டோம். அமைச்சர் பெயரைத் தவறாகப் போட்டபோதுகூட அவ்வளவு தொலைபேசி வந்ததில்லை. அன்றிலிருந்து அந்த அட்டவணை எனக்கு மனப்பாடம். புதன் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. வியாழன் ஒன்றரையிலிருந்து மூன்று. வெள்ளி பத்தரையிலிருந்து பன்னிரண்டு.

அந்த மணிகளை என் கையாலேயே குறித்திருக்கிறேன். கழித்துப் பார்த்து நிமிடங்களை எழுதிக்கொண்டேன். மணியைப் பார்க்கவில்லை.

வளையலை வாங்காமல் அலுவலகத்துக்குத் திரும்பினேன். அந்தப் பெண்மணி மாடிப்படித் திருப்பத்தில், ஜன்னல் ஓரம், தனியாக டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

“மேடம், ஸ்கிரிப்ட்ல முன் சோதனைன்னு வருதே, அது ராகு காலமா?”

மூடியை மறுபடி மூடினார்.

“இன்னா சார், இப்பதான் தெரிஞ்சுதா?” கோபம் வந்தால்தான் அவருக்கு இந்த ‘இன்னா’ வரும் என்பதை அன்றுதான் கவனித்தேன். “ரெண்டு நாளா பாத்துக்கிட்டிருந்தேன். பத்திரிகைக்காரராச்சே, என்னைக்காவது தெரியும்னு.”

“யார் போடச் சொன்னது?”

“பெரியவர்தான், நம்ம முதலாளி. நான் சேர்ந்த வருஷம். ஒரு நகைக்கடை வெள்ளிக்கிழமை பதினொண்ணுக்கு லைவ் போச்சு, அரை மணில படுத்துச்சு. ராகு காலத்துல போட்டா இப்படித்தான் ஆகும்னு கத்தினாரு. இனிமே எவன் ஓட்டினாலும் அந்த நேரத்துல ஓடவே கூடாதுன்னாரு. எனக்கு ராகு காலம் என்னா தெரியும்? எங்க வீட்ல கிழிக்கிற காலண்டர்லேர்ந்து ஏழு நாளையும் பாத்து எழுதினேன்.”

“அப்ப ‘முன் சோதனை’ன்னு ஏன்?”

“ராகு காலம்னு ஸ்க்ரீன்ல வந்தா வெளிநாட்டு ஆளுங்க பாத்து சிரிப்பாங்களாம். அதுவும் அவர் சொன்னதுதான்.”

“இவ்ளோ நாள்ல யாருக்கும் தெரியாதா?”

“நான் அந்த நேரத்துல ஓட்டவே மாட்டேன் சார். எனக்குத் தெரியுமில்ல? ஓட்டினது உங்க ஆளு.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“நீங்க கேட்டீங்களா?”

அவர் டப்பாவைத் திறந்தார். பேச்சு முடிந்தது என்று அதற்குப் பொருள்.

பத்திரிகையில் திருத்தம் போடுகிற முறை தெரியும். என்ன வெளியாயிற்று, எது சரி, வருந்துகிறோம். மூன்றே வாக்கியம். அறிக்கை போன அதே மூன்று பேருக்கு, முதலாளி, மாப்பிள்ளை, அந்தப் பெண்மணி, அன்று மதியமே அனுப்பினேன். ‘பழைய முறை சராசரி அறுபத்தொரு நிமிடம் எடுப்பதாக எழுதியது தவறு. அதில் மூன்று நாள், ராகு காலம் முடியும்வரை காத்திருக்குமாறு நிர்வாகத்தின் உத்தரவுப்படி எழுதப்பட்ட நிறுத்தம் சேர்ந்திருக்கிறது. அதை நீக்கினால் இருபத்திரண்டு நிமிடம். சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் எழுதியதற்கு வருந்துகிறேன்.’

கால் மணியில் முதலாளி கூப்பிட்டார். மயிலாப்பூரிலிருந்து தினமும் நெற்றியில் விபூதியோடு வந்து, கண்ணாடி அறையில் உட்கார்ந்து, எதையும் முழுதாகப் படிக்காத மனிதர். இதையும் முழுதாகப் படிக்கவில்லை. மாப்பிள்ளை பக்கத்தில் நின்றார்.

“நீங்கதான் எழுதினேளா? அப்போ இந்தப் புதுசு ராகு காலம் பார்க்காதா?”

“பார்க்காது சார்.”

“வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் போட்டுதா?”

“போட்டுது சார். பதினொண்ணு பதினெட்டுக்கு முடிஞ்சுது.”

அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார்.

“மாமா, அது வெறும் டெஸ்ட் காப்பி,” என்றார் மாப்பிள்ளை.

“காப்பியோ என்னவோ. இதைத்தான் எல்லாக் கடைக்கும் போடலாம்னு சொல்லிண்டு இருந்தியா?”

“மாமா, ஒரு சர்வர் மும்பைல இருக்கு. இன்னொண்ணு சிங்கப்பூர்ல. எந்த ஊர் ராகு காலத்தைப் பார்க்கறது?”

“கடை எங்க இருக்கு?”

“பாண்டி பஜார்ல.”

“அப்போ பாண்டி பஜார் ராகு காலம்.”

மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. இருபத்திரண்டு நிமிடமா அறுபத்தொன்றா என்பதைப் பற்றி அந்த அறையில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு ஆளின் வேலையைப் பறித்த கணக்கு தவறு என்று நான் எழுதியிருந்தேன். அவர்கள் படித்தது ஒரே ஒரு சொல்லை.

“அவாளைக் கூப்பிடுங்கோ,” என்றார் முதலாளி.

அந்தப் பெண்மணி வந்து நின்றார். உட்காரச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டார்.

“ஏம்மா, நீ பண்ணி வெச்சிருக்கிறதை இந்தப் புதுசுலயும் பண்ண முடியுமா?”

“பண்ணலாம் சார். ஓப்பன் சோர்ஸ்தானே, உள்ள கை வைக்கலாம். ஆனா மனிதத் தலையீடு வேணும்.”

முதலாளிக்குப் புரியவில்லை. எனக்கும் மாப்பிள்ளைக்கும் புரிந்தது.

“எனக்கு மாசக் கடைசியோட முடியுதுன்னு சொன்னாங்க,” என்றார் அவர். “இன்னும் ஒன்பது நாள் இருக்கு. அதுல இது முடியாது.”

“யார் முடியறதுன்னு சொன்னா?” என்றார் முதலாளி, இரண்டு நாளைக்கு முன் தானே சொன்னதை அப்போதுதான் கேள்விப்படுகிறவர்போல.

“சோதனையைத் திரும்ப நடத்தணும் சார். நான் ரூமுக்குள்ள இருக்கணும். ரிப்போர்ட்ல அந்த ரெண்டு வார்த்தையை எடுக்கணும்.”

மாப்பிள்ளை தொலைபேசி வந்ததுபோல் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அது ஒலிக்கவில்லை.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குத் திரும்ப நடந்தது. எல்லோரும் அறையில் இருந்தோம். இருபத்திரண்டு, பதினெட்டு. நான்கு நிமிடம்தான் வித்தியாசம். அந்தப் பெண்மணி என்னைப் பார்த்து, எழுதுங்கள் என்பதுபோல் தலையை ஆட்டினார். அதன் பிறகு மாப்பிள்ளை, ஒரு கிளவுட் படுத்தால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும் என்றார். நியாயமான சோதனைதான், முதல் வாரமே செய்திருக்க வேண்டியது. ஓட்டத்தின் நடுவில் ஒன்றைத் துண்டித்தார். கருவி சிறிது தடுமாறி, தானாக மற்றொன்றில் எல்லாவற்றையும் ஏற்றி முடித்தது. அந்தப் பெண்மணியின் ஸ்கிரிப்ட் ஒரு சிவப்பு வரியைக் காட்டி நின்றுவிட்டது.

இரண்டையும் எழுதினேன். இந்தத் தடவை அனுப்புமுன் அவரிடம் காட்டினேன். கடைசிப் பத்தியில் விரலை வைத்தார்.

“இது போடணுமா சார்?”

“நடந்ததுதானே.”

“முதல்ல எழுதினதும் நடந்ததுதான். தொண்ணூத்தேழு நிமிஷம் நின்னுச்சு, எழுதினீங்க.”

“அது அரைகுறை. இது முழுசு.”

“முழுசு இப்ப உங்களுக்கு ஈஸி,” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். “அனுப்புங்க.”

அனுப்பினேன். கருவிக்குப் போவது என்று முடிவாயிற்று. அதை ஓட்ட அவருக்கு இன்னும் ஒரு வருடம் ஒப்பந்தம் போட்டார்கள். என் இரண்டாவது அறிக்கையை முதலாளி திறந்ததாகவே தெரியவில்லை. அவருக்கு வேண்டியது அந்த நிறுத்தத்தைக் கருவிக்குள் எழுதத் தெரிந்த ஒரு ஆள். நடுவில் மாப்பிள்ளை தானே எழுதிப் பார்த்திருந்தார். கிளவுட் கணினிகளின் கடிகாரம் இந்திய நேரத்தில் ஓடாது, ஐந்தரை மணி பின்னால் ஓடும் என்பதை அவர் கவனிக்கவில்லை. வெள்ளி காலை பத்தரைக்கு நிற்க வேண்டிய கருவி பத்தரைக்கு ஜோராக ஓடியது, மாலை நான்கு மணிக்கு நின்றது. அந்தப் பெண்மணி அதைத் திருத்த ஒரு பகல் எடுத்துக்கொண்டார். எந்தக் காத்திருப்பைக் காட்டி அவரை அனுப்பப் பார்த்தார்களோ, அதே காத்திருப்புக்காக அவரை வைத்துக்கொண்டார்கள். என் திருத்தம் சரியாக இருந்தது என்பது யாருக்கும் தேவைப்படவில்லை.

திரையில் வரும் வரியை ‘ராகு காலம்’ என்றே மாற்றிவிடலாம், அடுத்து வருகிறவன் என்னைப்போல் ஏமாறமாட்டான் என்று முதலாளியிடம் சொன்னேன்.

“வெளில இருக்கறவா பார்த்தா என்ன நினைச்சுப்பா?” என்றார். “அது அப்படியே இருக்கட்டும்.”

புதிய கருவியின் வழிகாட்டியைத் தமிழில் எழுதும் வேலை எனக்கு வந்தது. ஒவ்வொரு படியையும் பார்த்து எழுத வேண்டும் என்பதால், ஒரு புதன்கிழமை அதை ஓட்டிக் காட்டும்படி அவரிடம் கேட்டேன். வேறு நேரம் இல்லை என்றார். பன்னிரண்டே காலுக்கு ஓட்டினார். திரையில் அந்த வரி வந்தது: முன் சோதனை நடக்கிறது.

அவர் எழுந்து டிபன் டப்பாவை எடுத்தார்.

“ஒண்ணரை வரைக்கும் இப்படித்தான் இருக்கும், எடிட்டர் சார். உக்காந்து பாருங்க. குறிச்சுக்கோங்க.”

படியிறங்கிப் போனார். சாப்பிட வருகிறீர்களா என்று கேட்கவில்லை; அதற்குப் பிறகு இன்றுவரை கேட்டதில்லை. நான் நோட்டைத் திறந்து 12.15 என்று எழுதினேன். பக்கத்திலேயே, முதல் தடவை நான் கேட்டறியாமல் விட்ட காரணத்தையும் எழுதினேன்: ராகு காலம்.